ஒரு எழுத்துக்கு இத்தனை சண்டையா? - க்ரைம் படங்களும் சென்சார் சர்டிபிகேட்டும்

தியேட்டரில் விளக்கு அணைந்ததும், ஹீரோ பெயருக்கு முன்னால், கம்பெனி பெயருக்கும் முன்னால் திரையில் வருவது ஒரு சர்டிபிகேட். குறைந்தது 10 விநாடியாவது அது திரையில் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் பாதிப் பேர் சீட் நம்பரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் விசில் அடித்துக்கொண்டிருப்பார்கள். படத்தின் பெயர், மொழி, நீளம், கூடவே பெரிதாக ஒரு எழுத்து. இடது பக்கம் கீழே ஒரு முக்கோணம் இருந்தால், அந்தப் படத்தில் கத்தரி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த எழுத்து எல்லாப் படத்துக்கும் உண்டு. ஆனால் அதற்காக அதிகம் அடித்துக்கொள்வது க்ரைம் படக்காரர்கள்தான். கொலை, கடத்தல், ரவுடி, லாக்கப்... இதெல்லாம் இல்லாமல் க்ரைம் படமே இல்லை. இதையெல்லாம் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்கலாமா? 2025-ல் ரஜினிகாந்த் படத்துக்கே இந்தக் கேள்வி எழுந்து, சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கு புரிய வேண்டுமென்றால் நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

போலீஸ் கையில் கத்தரி

இந்தியாவில் சினிமாவுக்கு முதல் சட்டம் வந்தது 1918-ல். நடைமுறைக்கு வந்தது 1920-ல். பம்பாய், கல்கத்தா, மதராஸ், ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மதராஸ் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? போலீஸ் கமிஷனர்!

இதிலேயே விஷயம் விளங்கிவிடும். அப்போது குழந்தை பார்க்கலாமா, பெரியவர் பார்க்கலாமா என்ற கேள்வியே கிடையாது. படத்தை ஊரில் காட்டலாமா, கூடாதா என்ற ஒரே கேள்விதான். காட்டலாம் என்றால் எல்லோருக்கும், கூடாது என்றால் யாருக்கும் இல்லை. வெள்ளைக்கார அரசுக்குத் திருடன் கதையை விட தேசபக்திக் கதைதான் பெரிய பயம். கல்கியின் கதையை வைத்து கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாகபூமி' 1939-ல் வெளியாகி நன்றாக ஓடிய பிறகும் 1940-ல் தடை செய்யப்பட்டது.

இடையில் 1927-ல் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். நாடு முழுக்கச் சுற்றி 353 சாட்சிகளை விசாரித்து 1928-ல் அறிக்கை கொடுத்தார்கள். சினிமா மக்களைக் கெடுக்கிறதா, தணிக்கையை எப்படி நடத்துவது என்றெல்லாம் அலசிய முதல் பெரிய விசாரணை அது. அறிக்கை அலமாரிக்குப் போனது. கத்தரி போலீஸிடமே இருந்தது.

கடன் வாங்கிய இரண்டு எழுத்துகள்

வயதைப் பார்த்துப் படத்தைப் பிரிக்கும் பழக்கம் சுதந்திரத்துக்குப் பிறகுதான் வந்தது. 1949-ல் சட்டத்தைத் திருத்தி இரண்டு எழுத்துகளைக் கொண்டு வந்தார்கள். 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'ஏ' என்றால் 18 வயது நிரம்பியவர்கள் மட்டும். இந்த இரண்டு எழுத்தும் நாமாகக் கண்டுபிடித்தவை அல்ல. பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 1912-ல் தொடங்கியபோதே வைத்திருந்த எழுத்துகள். அங்கே ஆரம்பத்தில் 'ஏ' வெறும் எச்சரிக்கைதான். இங்கே அது சட்டமாகவே ஆனது.

தமிழில் முதல் 'ஏ' சர்டிபிகேட் வாங்கிய படம் என்று சொல்லப்படுவது 1951-ல் வந்த 'மர்மயோகி'. எம்.ஜி.ஆர். நடித்து கே. ராம்நாத் இயக்கியது. ஏன் 'ஏ'? இன்றைக்கு 'ஏ' என்றதும் நினைவுக்கு வரும் காரணம் எதுவும் இல்லை. படத்தில் பேய் வந்ததுதான் காரணம்! இத்தனைக்கும் அதில் எம்.ஜி.ஆருக்கு ஏழைகளுக்கு உதவும் கொள்ளைக்காரன் வேடம். சட்டத்தை மீறும் கொள்ளைக்காரன் உறுத்தவில்லை. வெள்ளை உடையில் நடந்து வந்த ஆவிதான் உறுத்தியது. குழந்தைகள் பயந்துவிடக் கூடாதே என்ற கவலை. எதைப் பார்த்தால் பிள்ளை கெடும் என்பதில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒவ்வொரு பயம் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

1951-ல் மாகாணக் குழுக்களை இணைத்து மத்திய தணிக்கை வாரியம் அமைத்தார்கள். அடுத்த வருடம் 1952-ன் சினிமாட்டோகிராஃப் சட்டம். திருத்தம் மேல் திருத்தம் கண்டாலும் இன்று வரை அடித்தளம் அதுதான்.

குற்றவாளி ஜெயிக்கக் கூடாது

க்ரைம் படத்தைப் பற்றி உலகம் முழுக்கத் தணிக்கைக்காரர்களுக்கு ஒரு பொதுவான கொள்கை இருந்தது. குற்றம் செய்தவன் கடைசியில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஹாலிவுட்டில் 1930-ல் எழுதி 1934 முதல் கறாராக அமல்படுத்திய ஹேஸ் விதிகள் இதைத்தான் சொன்னன. குற்றவாளி மேல் பார்ப்பவனுக்கு இரக்கம் வரக்கூடாது, குற்றம் செய்யும் முறையை விளக்கமாகக் காட்டக்கூடாது. அமெரிக்காவில் 1968-ல் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வயது வாரியாகப் பிரிக்கும் முறைக்கு மாறினார்கள்.

அதே காலத்தில் இங்கே கே.ஏ. அப்பாஸ் என்ற எழுத்தாளர்-இயக்குநர் தன் குறும்படத்துக்கு 'யு' தராததை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். படம் வெளிவரும் முன்பே தணிக்கை செய்வது கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம் என்பது அவர் வாதம். 1970-ல் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான அமர்வு முன்தணிக்கை செல்லும் என்றது. மற்ற கலைகளை விட சினிமா மனதை ஆழமாக அசைக்கும், அதனால் தனியாக நடத்தலாம் என்பது காரணம். ஆனால் மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும், கால வரம்பு வேண்டும் என்ற குறைகளைச் சரி செய்வதாக அரசும் அந்த வழக்கில் ஒப்புக்கொண்டது.

அடுத்த ஐந்து வருடத்தில் 'ஷோலே'. ரமேஷ் சிப்பி எடுத்த முடிவில், கை இரண்டையும் இழந்த தாக்கூர், கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைக் காலாலேயே மிதித்துக் கொல்கிறார். நெருக்கடி நிலைக் காலம் அது. முன்னாள் போலீஸ் அதிகாரி சட்டத்தைக் கையில் எடுப்பதா என்று தணிக்கையில் மறுத்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் போலீஸ் வந்து தடுத்து, கப்பரைக் கைது செய்வதாக மாற்றி எடுத்தார்கள். 1975-ல் இருந்து இந்தியா பார்த்தது அந்த முடிவைத்தான். இயக்குநரின் பழைய முடிவோடு அந்தப் படம் திரையரங்குகளுக்கு வர 2025 ஆனது. ஐம்பது வருடம்!

யார் பார்க்கிறார்கள்? எப்படி முடிவு செய்கிறார்கள்?

1983-ல் இரண்டு மாற்றங்கள் வந்தன. வாரியத்தின் ஆங்கிலப் பெயரில் 'சென்சார்' போய் 'சான்றிதழ்' வந்தது. (மக்கள் வாயில் இன்னும் சென்சார் போர்டுதான்!) எழுத்துகளும் இரண்டிலிருந்து நான்காயின. 'யு'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவில் 'யு/ஏ'. அதாவது 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். டாக்டர்கள் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும் என்றால் 'எஸ்'.

தமிழ்ப் படம் பெரும்பாலும் சென்னை மண்டல அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒரு ஆய்வுக் குழு படத்தைப் பார்க்கும். 1983 விதிகளின்படி ஒரு முழுநீளப் படத்துக்கு ஆலோசனைக் குழு உறுப்பினர்கள் நான்கு பேர், அதிகாரி ஒருவர். இவர்களில் இரண்டு பேராவது பெண்களாக இருக்க வேண்டும். படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் கருத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த எழுத்து, எந்தக் காட்சியை வெட்டுவது, ஏன் என்று. அதில் தயாரிப்பாளருக்குத் திருப்தி இல்லையென்றால் மறு ஆய்வுக் குழு. அதற்கும் மேலே, டெல்லியில் தீர்ப்பாயம். 2021 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பாயத்தைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர்நீதிமன்றம்தான்.

குழு எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்? இதற்கு 1991 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. க்ரைம் படக்காரர்கள் தலையில் கை வைக்கும் இடங்கள் இவை:

- வன்முறையைப் பெருமைப்படுத்தவோ நியாயப்படுத்தவோ கூடாது.
- குற்றவாளிகள் குற்றம் செய்யும் விதத்தைத் தூண்டுதலாக அமையும்படி காட்டக்கூடாது.
- குழந்தைகள் வன்முறைக்கு ஆளாவது, வன்முறையில் ஈடுபடுவது, அதைக் கட்டாயமாகப் பார்க்க வைக்கப்படுவது போன்ற காட்சிகள் தேவையின்றி வரக்கூடாது.
- தவிர்க்கக்கூடிய கொடூரக் காட்சிகள் கூடாது.

இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. உண்மையில் அதுதான் எல்லாவற்றுக்கும் தலை. படத்தைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுமையாகப் பார்த்து, அது மொத்தமாக ஏற்படுத்தும் பாதிப்பை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

பார்ப்பவர் எப்படிப்பட்டவர் என்று வைத்துக்கொள்வது? அதற்கு ஒரு தமிழ்ப் படமே பதில் வாங்கித் தந்தது. இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் 'யு' சர்டிபிகேட்டைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-ல் உச்சநீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. சாதாரண அறிவும் நிதானமும் உள்ள மனிதன் எப்படிப் பார்ப்பான் என்பதே அளவுகோல், எதற்கெடுத்தாலும் புண்படுகிறவன் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது க்ரைம் படம் இல்லை. ஆனால் பிறகு வந்த தணிக்கை வழக்குகளில் எல்லாம் அந்தத் தீர்ப்பு பேசப்படுகிறது.

52 வெட்டு

தமிழ் க்ரைம் படங்களில் இந்த விதிகளோடு நேருக்கு நேர் மோதியது தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்'. வயதான ஒரு தாதா, அவனிடமிருந்து பிரியும் அடியாள், ஒரு பை நிறையப் போதைப்பொருள், ஒரு சேவல்சண்டைக்காரனும் அவன் பிள்ளையும். ஒரே நாளில் நடக்கும் கதை. எஸ்.பி.பி. சரண் தயாரித்தார். தணிக்கைக் குழு 52 வெட்டு கேட்டது. கெட்ட வார்த்தைகள், வன்முறை என்று பட்டியல் நீண்டது.

பலர் இந்த இடத்தில் பணிந்துவிடுவார்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது டெல்லிக்கு யார் அலைவது? இவர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 'ஏ' சர்டிபிகேட்டோடு, படத்தின் உயிர் போகாமல் திரும்பி வந்தார்கள். 2011 ஜூனில் படம் வெளியானது. வசூல் இல்லை. ஆனால் சிறந்த அறிமுக இயக்குநருக்கும் சிறந்த படத்தொகுப்புக்கும் தேசிய விருது கிடைத்தது. 52 இடத்தில் வெட்டச் சொன்ன படத்துக்கு எடிட்டிங் விருது!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று முத்திரை குத்திய பிறகு ஏன் வெட்ட வேண்டும்? வயதைப் பிரிப்பதன் நோக்கமே பெரியவர்கள் முழுசாகப் பார்க்கட்டும் என்பதுதானே? 2016-ல் ஷியாம் பெனகல் தலைமையிலான குழு கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. வாரியத்தின் வேலை வகைப்படுத்துவதோடு நிற்க வேண்டும் என்றது.

எழுத்தின் விலை

அப்படியானால் தயாரிப்பாளர்கள் எல்லோரும் 'ஏ' வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் படம் எடுக்கலாமே? முடியாது. காரணம் பணம்.

திருவண்ணாமலை போன்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். விநியோகஸ்தர் கணக்கில் இது பழைய வட ஆற்காடு. 'என்.எஸ்.சி.' என்று அழைக்கப்பட்ட ஏரியாவில் ஒரு பகுதி. இப்படிப்பட்ட ஊர்களில் முதல் மூன்று நாள் ரசிகர்களும் காலேஜ் பையன்களும் தியேட்டரை நிரப்புவார்கள். நாலாம் நாளிலிருந்து படத்தைத் தூக்கி நிறுத்துவது குடும்பங்கள்தான். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் 'ஏ' முத்திரை தடுப்பது அந்த இரண்டு பிள்ளைகளைத்தான். ஆனால் தியேட்டர் இழப்பது ஐந்து டிக்கெட். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு யார் வருவார்கள்? தெரியாமல் உள்ளே விட்டால் தியேட்டர்காரருக்கும் ஆபத்து. 'ஏ' படத்தை 18 வயது நிரம்பாதவர்களுக்குக் காட்டினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது.

அடுத்தது வரி. 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று தமிழக அரசு அறிவித்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் பெயர் மட்டும் போதாது, 'யு' சர்டிபிகேட்டும் வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. ஒரே எழுத்தில் வரி முழுதும் மிச்சம், அல்லது முழுதும் நஷ்டம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும் வரை இந்த நிலை. பிள்ளைகளைக் காப்பதற்காக வைத்த எழுத்து, லாப நஷ்டக் கணக்கில் ஒரு வரியாக மாறிய காலம் அது. வெட்டுங்கள், ஒலியை அடக்குங்கள், எப்படியாவது 'யு' கொடுங்கள் என்று தயாரிப்பாளரே கேட்கும் நிலை.

மூன்றாவது டிவி. 'ஏ' படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. வெட்டி மறு சர்டிபிகேட் வாங்க வேண்டும். டிவி உரிமையை நம்பிப் படம் எடுக்கிறவருக்கு இது பெரிய அடி.

பேரம் தொடங்குவது இங்கேதான். விதி சொல்வது முழுப் படத்தின் பாதிப்பைப் பார் என்று. நடப்பதோ விநாடிக் கணக்கு. இந்தத் தலை வெட்டில் மூன்று விநாடி குறை, அந்த ரத்தத்தை மங்கலாக்கு, இந்த வார்த்தையை மௌனமாக்கு, 'யு/ஏ' எடுத்துக்கொள். மூன்று விநாடி குறைந்ததால் பழிவாங்கும் கதை வேறு கதையாக ஆகிவிடுமா? எட்டு வயதுப் பிள்ளை பார்ப்பது அதே கொலைதான். கொஞ்சம் வேகமாக முடிகிறது, அவ்வளவுதான்.

ஒரே கம்பெனி, இரண்டு வழக்கு

இந்தக் குழப்பம் முழுக்க இரண்டு படங்களில் தெரிந்தது. இரண்டும் ரஜினிகாந்த் படம். இரண்டும் சன் பிக்சர்ஸ் தயாரிப்பு. இரண்டிலும் கடத்தல் கும்பல், இரண்டிலும் ரத்தம்.

2023 ஆகஸ்டில் 'ஜெயிலர்' வந்தது. கிடைத்தது 'யு/ஏ'. தலை துண்டாகிற காட்சி இருக்கும் படத்துக்கு 'யு/ஏ'வா, ரத்து செய்யுங்கள் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு. வெளிநாடுகளில் சிறுவர்களுக்கு அனுமதி இல்லையே என்பதும் வாதம். வழக்கு தள்ளுபடியானது.

2025 ஆகஸ்டில் லோகேஷ் கனகராஜின் 'கூலி'. துறைமுகக் கடத்தல் கதை. ஆய்வுக் குழு 'ஏ' என்றது. மறு ஆய்வுக் குழுவும் 'ஏ' என்றது. படம் 'ஏ'வோடு வெளியான பிறகு தயாரிப்பு நிறுவனம் உயர்நீதிமன்றம் போய் 'யு/ஏ' கேட்டது. 'கே.ஜி.எஃப்.', 'பீஸ்ட்' படங்களுக்கெல்லாம் 'யு/ஏ' தந்தீர்களே என்று கேட்டது. வெட்டினால் 'யு/ஏ' தருகிறோம் என்றோம், அவர்கள்தான் வெட்டாமல் 'ஏ'வை ஏற்று வெளியிட்டார்கள் என்பது வாரியத்தின் பதில். ஆகஸ்ட் மாத இறுதியில் அந்த மனுவும் தள்ளுபடியானது.

ஒரு வழக்கில் சலுகை அதிகம் என்று புகார். இன்னொன்றில் கண்டிப்பு அதிகம் என்று புகார். இரண்டிலும் வாரியத்தின் முடிவே நின்றது. அதற்கு 'யு/ஏ' என்றால் இதற்கு ஏன் 'ஏ' என்ற கேள்விக்கு மட்டும் சாமானியனுக்கு இன்னும் பதில் இல்லை. பிரிட்டிஷ் வாரியம் ஒவ்வொரு படத்துக்கும் ஏன் இந்த வயது என்று பொதுமக்கள் படிக்கும்படி சிறு விளக்கம் வெளியிடுகிறது. என்ன மாதிரி வன்முறை, எந்த அளவு என்று அதில் இருக்கும். பெற்றோருக்குத் தேவை அதுதான்.

7, 13, 16

2023-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 மார்ச்சில் புதிய விதிகள். இப்போது 'யு/ஏ' மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. ஆலோசனைக் குழுக்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள், முடிந்தால் பாதி என்பதும் விதியில் வந்திருக்கிறது. பழைய 'யு/ஏ' ஒரு பெரிய சாக்குப்பை மாதிரி. அம்மா சென்டிமென்ட் படமும் அதில்தான், அரிவாள் படமும் அதில்தான். அதற்கு இது எவ்வளவோ தேவலாம். பெனகல் குழு 2016-ல் சொன்னதும் கிட்டத்தட்ட இந்த மாதிரிப் பிரிவுதான்.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 'ஏ' படத்துக்குத்தான் வாசலில் தடை. 16+ என்று போட்டிருந்தாலும் பத்து வயதுப் பையனைத் தியேட்டர்காரர் தடுக்க வேண்டியதில்லை. அந்த எண்கள் பெற்றோருக்கான குறிப்பு மட்டுமே, அதைப் பெற்றோரைத் தவிர வேறு யாரும் அமல்படுத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. போலீஸ் கமிஷனரில் தொடங்கிய அதிகாரம், வாரியம், தீர்ப்பாயம், நீதிமன்றம் என்று சுற்றிக் கடைசியில் அப்பா அம்மா கைக்கு வந்திருக்கிறது.

வீட்டில் பார்க்கும் ஓ.டி.டி.க்கோ இந்த வாரியமே கிடையாது. 2021 விதிகளின்படி கம்பெனிகளே வயதைக் குறித்துக்கொள்கின்றன. 13+ முதல் பூட்டுப் போடும் வசதி தர வேண்டும். பூட்டைப் போடுவதும் போடாததும் மறுபடியும் வீட்டுக்காரர் இஷ்டம்.

அதனால் இனி 'ஏ'வா 'யு/ஏ'வா என்ற பேரத்தில் ஜெயிப்பது தயாரிப்பாளராக இருக்கலாம், வாரியமாக இருக்கலாம். பிள்ளைக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. டிக்கெட் புக் பண்ணும்போது ஷோ டைம் பார்க்கிறோம், சீட் பார்க்கிறோம், பார்க்கிங் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பக்கத்திலேயே சின்னதாக 16+ என்று இருப்பதையும் அன்றைக்கே பார்த்துவிட்டால், இடைவேளையில் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியிருக்காது.